காந்தச் சுருளா, ஈரப் பஞ்சா?

சிங்கப்பூரில் வளர்ச்சித் தேவையுள்ள சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சித் திட்டமான எப்பிக் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடம் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு, அறுவைச் சிகிச்சையின்றி மூளையைத் தூண்டினால் ஆட்டிசம் குறையுமா என்பதுதான். அந்தப் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடும் இரண்டு முறைகள், காந்தத்தால் தூண்டும் டிஎம்எஸ், மெல்லிய நேர்மின்னோட்டத்தைச் செலுத்தும் டிடிசிஎஸ் ஆகியவை. தலைக்கு வெளியிலிருந்து செயல்படுவதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு.

டிஎம்எஸ் கருவியை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரின் குழு செய்து காட்டியது. சுருளில் நொடிப்பொழுது பாயும் வலுவான மின்சாரம் எழுப்பும் காந்தப்புலம், மண்டையோட்டைக் கடந்து நரம்பணுக்களை நேரடியாகவே துடிக்க வைக்கிறது. டிடிசிஎஸ் அவ்வளவு தூரம் போவதில்லை. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுகளின் வழியே 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை ஏறத்தாழ 20 நிமிடம் செலுத்தி, நரம்பணுக்கள் துடிப்பதைச் சற்று எளிதாக்கவோ கடினமாக்கவோ மட்டும் செய்கிறது.

வலுவை வைத்துப் பார்த்தால் காந்தமே முந்துகிறது. ஆனால் நாற்காலியில் உட்காரப்போவது ஒலியையும் தொடுதலையும் தாங்க முடியாத ஒரு பிள்ளையாக இருக்கலாம். சுருள் ஒவ்வொரு முறையும் சுண்டிவிட்டதுபோல் உச்சந்தலையில் தட்டுகிறது. அதன் 'டக் டக்' சத்தத்துக்குக் காதடைப்பான் இல்லாமல் முடியாது. ஹேண்ட் டிரையர் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை இதில் எப்படி அமர்த்துவது? பஞ்சு சத்தமில்லாதது, ஆனால் நெற்றியில் வழியும் ஈரமும் அரிப்பும் சிலருக்குச் சத்தத்தைவிடக் கொடுமை. வலிப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும்: டிஎம்எஸ் அரிதாக வலிப்பைத் தூண்டக்கூடியது, ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் பொதுவாகவே கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த வரலாறு உள்ள பிள்ளை என்றால், என் கணிப்பில், காந்தத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சான்று என்று வந்தால் இரண்டுமே தள்ளாடுகின்றன. டொராண்டோவில் 16 முதல் 35 வயது வரையிலான 40 பேரிடம் டிஎம்எஸ்ஸைச் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், திட்டமிடல், நினைவாற்றல் போன்ற திறன்களில் உண்மைத் தூண்டலுக்கும் போலித் தூண்டலுக்கும் மொத்தத்தில் வேறுபாடு தென்படவில்லை. டிடிசிஎஸ் ஆய்வுகள் பல நம்பிக்கை தந்தாலும், பங்கேற்றோர் சிலரே, தொடர்ந்து கவனித்த காலமும் குறைவு. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் மனச்சோர்வுக்கு டிஎம்எஸ்ஸை அனுமதித்தது. ஆட்டிசத்துக்கு இரண்டில் எதையும் அனுமதிக்கவில்லை. சிங்கப்பூரிலும் மனச்சோர்வுக்கு டிஎம்எஸ் கிடைக்கிறது என்பதால், ஆட்டிசத்துக்கும் அது நிறுவப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

விலை குறைவு என்று டிடிசிஎஸ் கருவியை இணையத்தில் வாங்கி வீட்டில் மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பஞ்சு காய்ந்தால் தோல் புண்ணாகும், இடம் மாறினால் மின்னோட்டத்தின் பாதையும் மாறும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுடன் நடக்கும் ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால், வலிப்பில்லாத, ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு டிடிசிஎஸ்ஸையே முதலில் யோசிப்பேன். டிஎம்எஸ் வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள் எனப் பல வாரம் நீளக்கூடியது. அந்த மாலைகள் பேச்சுச் சிகிச்சையிலிருந்தா பிள்ளையின் விளையாட்டிலிருந்தா எடுக்கப்படும் என்பதை, கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.