உப்புநீர்த் தொட்டியில் காரணம் தெரியாத சாவு: தண்ணீரை மாற்றுவதா, மருந்தா, மீனை வெளியே எடுப்பதா?

முந்தின இரவு நன்றாகத் தீனி எடுத்த மீன் காலையில் பாறை இடுக்கில் கிடக்கிறது. உடம்பில் புண் இல்லை, புள்ளி இல்லை. தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். இரண்டு நாளில் இன்னொன்றும் போகிறது. இந்தக் கட்டத்தில் எல்லோர் கையிலும் இருப்பது நான்கு வழிகள்: தண்ணீரை மாற்றுவது, தொட்டியிலேயே மருந்து ஊற்றுவது, மிச்ச மீன்களைத் தனித் தொட்டிக்கு எடுப்பது, பொறுத்துப் பார்ப்பது. நான்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒன்று எப்போதும் செய்யத் தகுந்தது. ஒன்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எதில் இறங்குவதற்கு முன்பும், செத்தது யார், எந்த வரிசையில் என்று பாருங்கள். இறாலும் நத்தையும் முதலில் போயிருந்தால் சந்தேகம் நஞ்சின் மேல், அல்லது உப்பளவின் மேல். தொட்டிக்குள் நீரோட்டம் தரும் மோட்டாரான பவர்ஹெட்டைக் கழற்றி அதன் காந்தத்தில் துரு வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அறையில் யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா என்றும் விசாரிக்க வேண்டும். பெரிய மீன்கள் ஒரே இரவில் மொத்தமாகப் போயிருந்தால் ஆக்சிஜன்தான் முதல் சந்தேகம். உப்புநீரில் நன்னீரைவிடக் குறைவான ஆக்சிஜனே கரையும், சூடு ஏறினால் அதுவும் குறையும், விளக்கு அணைந்தபின் பாசியும் பங்குக்கு வரும். இறாலும் பவளமும் சுகமாக இருக்க, மீன்கள் மட்டும் ஒவ்வொன்றாகப் போனால், அதுவும் அண்மையில் புது மீன் விட்டிருந்தால், ஒட்டுண்ணிதான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம்.

தண்ணீர் மாற்றம் எப்போதும் செய்யத் தகுந்தது. நஞ்சு எதுவாக இருந்தாலும் அதன் செறிவு குறையும், நமக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மாற்றி, கூடவே நஞ்சை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோனை ஓடவிட்டால் முதல் நாளுக்குப் போதும். புதுத் தண்ணீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போக வேண்டும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்தால்தான் அது காட்டும் 1.026 ஒப்படர்த்தி உண்மையில் 1.026. இன்னொரு ஆபத்தும் உண்டு. அம்மோனியா ஏறி, பிஎச் இறங்கிக் கிடக்கும் தொட்டியில் ஒரேயடியாகப் பெரிய மாற்றம் செய்தால் பிஎச் சட்டென்று ஏறும். அதுவரை அதிகம் கெடுக்காமல் இருந்த அம்மோனியம் கொல்லும் அம்மோனியாவாக மாறும். அப்படிப்பட்ட தொட்டியில் சிறிது சிறிதாக மாற்றுவதே நல்லது. ஆனால் ஒட்டுண்ணியைத் தண்ணீர் மாற்றம் நிறுத்தாது. மாற்றியபிறகும் சாவு தொடர்ந்தால் மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

தொட்டியிலேயே மருந்து ஊற்றுவதுதான் நான் யாருக்கும் சொல்லாத வழி. ஒட்டுண்ணிக்கு வழக்கமாக ஊற்றும் காப்பர் (செம்பு) மருந்து இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிலையாக நிற்காது. மீனைக் காக்கப் போதாமலும், மற்ற உயிர்களைக் கொல்லப் போதுமானதாகவும் ஒரு நடுநிலையில் தொட்டி மாட்டிக்கொள்ளும். நோய் இன்னதென்று தெரியாமல் ஊற்றினால் இன்னும் மோசம், ஏனென்றால் காப்பருக்கு அடங்காத நோய்களும் உண்டு. குரோமிஸ் மீன்களின் பக்கவாட்டில் சிவந்த புண் போட்டுக் கொல்லும் யூரோனீமா அதில் ஒன்று. க்ளவுன் மீனின் மேல் சளி தோல்தோலாக உரியும் ப்ரூக்லினெல்லா இன்னொன்று. அதற்கு ஃபார்மலின் குளியல்தான் பழகிய வைத்தியம்.

தனித் தொட்டி நிறைய வேலை வாங்கும், ஆனாலும் ஒட்டுண்ணிச் சந்தேகம் இருந்தால் என் ஓட்டு அதற்கே. மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள சில பிவிசி துண்டுகள், ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தினமும் அம்மோனியா சோதனை, இவ்வளவுதான். மீனை அருகில் வைத்துப் பார்க்க முடிவதே பாதி லாபம். செவுள் படபடவென்று அடிக்கிறதா, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறதா, தண்ணீர் பாயும் இடத்தில் முகத்தைக் கொடுத்து நிற்கிறதா என்று கவனியுங்கள். மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோய். உடம்பில் பொன்தூள் தெரியும் என்று காத்திருந்தால் அதற்குள் மீன் போய்விடும், ஏனென்றால் அது முதலில் பிடிப்பது செவுளை. பிஎச்சும் வெப்பமும் ஒத்த நன்னீரில் ஐந்து நிமிடம் முக்கினால், ஃப்ளூக் என்னும் ஒட்டுண்ணிப் புழு இருந்தால் வெள்ளை வெள்ளையாக அடியில் உதிரும். மருந்தும் சோதனையும் ஒன்றாக நடந்துவிடும்.

காப்பர் போடும்போது லேபிளைப் படிக்காமல் போடாதீர்கள். அயானிக் வகை (செம்பு தனி அயனியாக இருப்பது) 0.15 முதல் 0.20 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), கீலேட்டட் வகை (செம்பு வேறொரு சேர்மத்தோடு கட்டப்பட்டது) 2 முதல் 2.5 பிபிஎம். கீலேட்டட் அளவை அயானிக்குக்கு வைத்தால் ஒட்டுண்ணிக்கு முன் மீன் சாகும், அயானிக் அளவைக் கீலேட்டட்டுக்கு வைத்தால் ஒட்டுண்ணி சாகாது. அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனரையும் கூடவே ஊற்றக் கூடாது. இதற்கிடையில், ஒட்ட மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாகும்படி, பெரிய தொட்டி மீனில்லாமல் கிடக்க வேண்டும். 76 நாள் என்பது தொட்டிக்காரர்கள் வழக்கமாகப் பிடிக்கும் கணக்கு. பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு மீனை உள்ளே விட்டுவைத்தால் அத்தனை நாளும் வீண்.

பொறுத்துப் பார்ப்பது சோம்பேறித்தனம் இல்லை, அதற்கும் இடம் உண்டு. செத்தது ஒன்றே ஒன்று, மற்றவை வழக்கம்போல் தின்கின்றன, செவுள் அசைவு சாதாரணம் என்றால் அது வயதாகவோ, துடுப்பு கிழியும்படி மற்ற மீன் விரட்டியதாகவோ இருக்கலாம். ஆனால் இரண்டாவது சாவு வந்தால் அந்த வழி முடிந்தது. வெல்வெட் ஒரு தொட்டியைக் காலி செய்யச் சில நாட்களே போதும். ‘சாதாரணம்’ எது என்று தெரிய, மீன்கள் நலமாக இருக்கும் ஒரு நாளில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும், செத்த மீனைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் திசு சிதைந்துவிடும். சில மணி நேரத்துக்குள் மைக்ரோஸ்கோப் உள்ள யாரிடமாவது கொடுத்துச் செவுளைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் போனால் ஒட்டுண்ணிகள் பிணத்தை விட்டுப் போய்விடும்.