‘கிங் சன்டியூ’ என்று யாராவது விற்றால், புது இலையைக் காட்டச் சொல்லுங்கள்

கேப் டவுன் பக்கம் பூச்சி தின்னும் செடிகள் வாங்கி வளர்ப்பவர்களுக்கும், ‘வரும்போது எனக்கும் ஒன்று கொண்டு வா’ என்று ஊரிலிருந்து கேட்கும் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். சன்டியூ என்பது இலையில் உள்ள பசை மயிரால் பூச்சி பிடிக்கும் செடி. அதில் பெரிய ரகமான கிங் சன்டியூ, அதாவது ட்ரொசீரா ரீஜியா என்று சொல்லி, ஒருவர் 900 ராண்டுக்கு (தென்னாப்பிரிக்கப் பணம்) என் தலையில் கட்டியது சாதாரண சன்டியூவான ட்ரொசீரா கேபென்சிஸ். இங்கே பூச்சித் தாவரம் வளர்க்கும் யார் வீட்டிலும் தானாக விதை சிந்தி, பக்கத்துத் தொட்டியிலெல்லாம் முளைத்துக் கிடக்கும் செடி அது.

அசல் கிங் சன்டியூ இயற்கையில் வளர்வது உலகத்திலேயே ஒரே பள்ளத்தாக்கில்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில், வெலிங்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பெயின்ஸ் குளூஃப். அங்கேயும் பதிவானவை இரண்டே சதுப்பு இடங்கள். ஒன்று சுமார் 900 மீட்டர் உயரத்தில், மற்றது சுமார் 500 மீட்டரில். 1926இல் ஈடித் ஸ்டீஃபன்ஸ் என்ற தாவரவியலாளர் இதை விவரித்துப் பெயர் வைத்தார். இலை 70 செ.மீ. வரை நீளும், 2 செ.மீ. அகலம் இருக்கும். இவ்வளவு பெரிய இலை உள்ள சன்டியூ வேறு அதிகம் இல்லை. விற்றவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் இருந்ததும் அசல் செடிதான், அதில் சந்தேகமே இல்லை. தொட்டியில் வந்ததுதான் வேறு.

‘வேர்த்துண்டிலிருந்து எடுத்த கன்று, அதனால்தான் சின்னதாக இருக்கிறது’ என்றார் விற்றவர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, ஏனென்றால் ரீஜியாவை வேர்த்துண்டு வைத்துப் பெருக்குவது வழக்கம். அப்புறம் உள்ளங்கை அளவு கூட வளராத செடி பூத்தண்டு விட்டது. தினம் ஒரு பூவாக விரிந்து, தானே மகரந்தம் சேர்த்து, தூள் தூளாக விதை கொட்டியது. போட்டோ எடுத்து அனுப்பினால், ‘இளம் செடி இப்படித்தான்’ என்றார். மறுபடி கேட்டபோது ‘இது மலைக்கு அந்தப் பக்கத்து ரகம்’ என்று புதுக் கதை. அந்தப் பள்ளத்தாக்கை விட்டால் வேறு பக்கமே கிடையாது, இதில் எங்கிருந்து வந்தது ரகம்?

இலையைக் கிட்டத்தில் பார்த்தால் குழப்பமே வராது. கேபென்சிஸ் இலைக்குப் பசை மயிர் இல்லாத காம்பு தனியாகத் தெரியும். அதற்கு மேல்தான் பட்டையான பகுதி, நுனி மழுங்கியிருக்கும். ரீஜியாவுக்கு அப்படிக் காம்பு கிடையாது. இலை அடியிலிருந்து மெல்ல மெல்லக் குறுகி ஊசியாக முடியும். அதன் புது இலை பெரணிக் குருத்து மாதிரி சுருண்டிருந்து அவிழும். அதனால் விற்கிறவரிடம் புது இலை அவிழும் இடத்தை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, இன்றைய தேதியோடு வீடியோவாகக் கேளுங்கள். அழகான முழுச்செடி போட்டோ எதற்கும் உதவாது, அதை எங்கிருந்தும் எடுத்துப் போடலாம்.

பணம் போனதைவிட எனக்கு எரிச்சல் வந்தது கடைசியில் அவர் சொன்ன சமாதானத்தில். ‘சரி, இன்னும் 1,500 கொடு, மலையிலிருந்தே பெரிய செடி எடுத்துத் தருகிறேன்’ என்றார். நான் முடியாது என்றதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அனுமதியில்லாமல் மலையில் செடி பிடுங்குவது இங்கே குற்றம். விற்றவர் மட்டுமல்ல, வாங்கியவரும் மாட்டலாம். இரண்டே இடத்தில் பதிவான செடியில் நாலு பேர் நாலு செடி பிடுங்கினால் என்ன மிஞ்சும்? அவரால் உண்மையிலேயே எடுக்க முடியுமா, அதுவும் புளுகா என்று தெரியாது. எதுவானாலும் அந்த உரையாடலை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மாகாண இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிட்டேன்.

ஊர் நண்பர்களுக்கு ஒன்று. இது மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றாக வரும் மலைச் செடி. வேர் சூடானால் தாங்காது, இரவு குளிர வேண்டும். சென்னை மொட்டை மாடியில் மே மாதம் தாண்டாது. போதாததற்கு, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

வங்கியில் புகார் கொடுத்தேன். நானே விருப்பப்பட்டு அனுப்பிய பணம், திருப்பித் தர வழியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அதே போட்டோ போன வாரம் வேறு நம்பரிலிருந்து விற்பனைக்கு வந்திருக்கிறது, விலை இப்போது 1,100.