கையால் கார்ட்டூன் வரைய ஓபன்டூன்ஸ்: விரிவான விமர்சனம்

சுட்டி டிவியில் டோராவையும் ஜாக்கி சானையும் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறை, இப்போது சொந்தமாகக் கணினியும் பேனா டேப்லெட்டும் வாங்கும் வயதுக்கு வந்துவிட்டது. பார்த்த கார்ட்டூன் மனதைவிட்டுப் போவதில்லை. ஒரு நாள் தானே ஒன்றை வரைந்து அசைய வைக்கக் கை பரபரக்கும். அப்படிக் கிளம்புபவர்கள் முதலில் தேடுவது, காசில்லாமல் படம் படமாக வரைய உதவும் மென்பொருள். அதற்கு எங்கள் பரிந்துரை ஓபன்டூன்ஸ். ஆனால் அதை நிறுவிய பலர் முதல் மணி நேரத்திலேயே திணறி மூடிவிடுகிறார்கள். திணற வைக்கும் இடங்கள் ஐந்தாறுதான். அவற்றைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் இதற்கு இணையான இலவசக் கருவி கிடைப்பது கடினம்.

இதன் பூர்வீகம் இத்தாலி. டிஜிட்டல் வீடியோ என்ற நிறுவனம் உருவாக்கிய 'டூன்ஸ்' மென்பொருளை ஜப்பானின் அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ கிப்லி 'பிரின்சஸ் மோனோனோகே' (1997) படத்தின் காலத்திலிருந்து பயன்படுத்தி, தன் வேலைமுறைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொண்டது. 2016 மார்ச் மாதம் ஜப்பானின் ட்வாங்கோ நிறுவனம் அதை ஓபன்டூன்ஸ் என்ற பெயரில், யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. உரிமம் பிஎஸ்டி என்ற, கட்டுப்பாடு குறைந்த வகை. செய்யும் படத்தை விற்கலாம், விளம்பரத்துக்குக் கொடுக்கலாம். வாட்டர்மார்க் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இடைமுகம் தமிழில் இல்லை என்பது குறைதான். ஆங்கிலப் பெயர்களோடுதான் பழக வேண்டும்.

திறந்ததும் மிரட்டுவது எக்ஸ்ஷீட். வீடியோ எடிட்டிங் பழகியவர்கள் இடமிருந்து வலமாக ஓடும் டைம்லைனை எதிர்பார்ப்பார்கள். இங்கே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஃபிரேம் (திரையில் ஒரு முறை தோன்றும் படம்), ஒவ்வொரு பத்தியும் ஓர் அடுக்கு. வலப்பக்கப் பத்தி இடப்பக்கப் பத்திக்கு மேலே தெரியும். பிடிக்காதவர்கள் ஒரு பொத்தானைத் தட்டிப் படுக்கைவசத் தோற்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காகிதத்தில் கார்ட்டூன் வரைந்த காலத்தில் அனிமேட்டரின் மேசையில் இருந்த தாளின் அமைப்பு இதுதான். எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்கிறது என்பதை எண்ணாகவே காட்டுவதால், கார்ட்டூனுக்கு உயிரான நேரக்கணக்கு கண்ணெதிரே இருக்கும்.

அந்தக் கணக்கு என்னவென்று பார்த்துவிடுவோம். திரையில் ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் வினாடிக்கு 12 படம் வரைந்தால் போதும். இதை 'டூஸ்' என்பார்கள். கையால் வரைந்த கார்ட்டூன்களில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். 1963இல் ஜப்பானியத் தொலைக்காட்சிக்கு வந்த 'ஆஸ்ட்ரோ பாய்' மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம் என்று இறங்கி, வினாடிக்கு 8 படத்தில் சமாளித்தது. அமெரிக்காவில் ஹன்னா-பார்பெரா நிறுவனம் இன்னொரு வழி கண்டுபிடித்தது. அதன் கார்ட்டூன் நாயகனான யோகி கரடியின் கழுத்தில் ஒரு காலரும் டையும் உண்டு, கவனித்திருப்பீர்கள். தலையும் உடலும் சேரும் கோட்டை அந்தக் காலர் மறைத்துவிடும். உடலை ஒரே படமாக நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் மாற்றி வரையலாம். இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் அந்தக் கரடி நம்மைக் கவர்கிறது என்றால், வரையும் படங்களை எங்கே செலவழிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓபன்டூன்ஸில் அதே உத்தியைச் செய்ய இரண்டு பத்தி போதும். முதல் பத்தியில் உடல், ஒரே படம், 48 ஃபிரேமுக்கு நீட்டியது. அடுத்ததில் தலை, இரண்டு ஃபிரேமுக்கு ஒன்றாக.

மென்பொருளைச் சோதிக்க நல்ல பயிற்சி, பந்து விழுவது. ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை வினாடி ஆகும். அதாவது 12 ஃபிரேம். டூஸ் கணக்கில் ஆறு இடைவெளி, ஏழு படம். விழும்போது வேகம் கூடிக்கொண்டே போவதால் இடைவெளிகள் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் வளரும். திரையில் 720 பிக்சல் உயரம் விழ வேண்டுமென்றால் முதல் இடைவெளி 20 பிக்சல், அடுத்து 60, 100, 140, 180, கடைசியில் 220. கூட்டிப் பாருங்கள், 720 வரும். எல்லா இடைவெளியையும் 120 என்று சமமாக வைத்தால் பந்து விழாது; நூல் கட்டி இறக்கியதுபோல இறங்கும். புதிதாக வரைபவர்களின் அசைவு செத்துக் கிடப்பதற்கு இதுதான் முதல் காரணம். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

செய்முறை இப்படி. புதிய காட்சியை 1920×1080 அளவிலும் 24 ஃபிரேம் வேகத்திலும் தொடங்குங்கள். டூன்ஸ் வெக்டர் லெவல் (கோடுகளாகப் பதிவாகும் படங்களின் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி, முதல் ஏழு கட்டங்களிலும் ஒரு படம் வீதம் வரையுங்கள். ஆனியன் ஸ்கின்னைப் போட்டுக்கொண்டால் முந்தைய படம் மங்கலாகத் தெரியும். தரையைத் தொடும் ஏழாம் படத்தில் பந்தின் அகலத்தை 1.25 மடங்காக்கி, உயரத்தை 0.8 மடங்காகக் குறைக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 1 வருவதால் பந்தின் பருமன் மாறியதாகக் கண்ணுக்குப் படாது. அகலத்தை மட்டும் கூட்டினால் பந்து அந்த நொடியில் ஊதிவிட்டதுபோல இருக்கும். ஆறாம் படத்தை விழும் திசையில் லேசாக நீட்டுங்கள். பிறகு ஏழு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, செல்ஸ் மெனுவில் ரீஃபிரேம் சென்று 2 என்பதைத் தட்டினால் ஏழும் பதினான்கு கட்டங்களாக விரியும். ஓட்டிப் பாருங்கள். கனமான பந்து வேண்டுமா, நசுக்கலைக் குறையுங்கள்; தரையைத் தொட்டபின் எம்ப வைத்தால் அந்த உயரத்தையும் குறையுங்கள். ஏற்கெனவே வரைந்த படங்களின் நிறுத்த நேரத்தை மட்டும் மாற்றி, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் இந்த வசதிதான் எக்ஸ்ஷீட்டின் பெருமை.

இங்கேயே முதல் பொறியும் இருக்கிறது. விரித்த பிறகு முதல் இரண்டு கட்டங்களும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றன. இரண்டாம் கட்டத்தில் நின்று ஏதாவது வரைந்தால் முதல் கட்டத்திலும் அது வந்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒன்றேதான். 'வரைந்த படமெல்லாம் குழம்பிவிட்டது' என்ற புலம்பல்களில் பாதி இதனால் வருவது. அமைப்புகளில் நீட்டிய கட்டங்களிலும் புதுப் படம் உருவாக்க அனுமதிக்கும் தேர்வு உண்டு. அதை இயக்கிவிட்டால் நிறுத்திய கட்டத்தில் வரையும்போது புதுப் படம் பிறக்கும். எப்போது எதை வைப்பது என்பது வேலையைப் பொறுத்தது. தொடக்கத்தில் இயக்கி வைப்பது பாதுகாப்பு.

இரண்டாவது பொறி சேமிப்பில். டிஎன்இசட் என்று முடியும் காட்சிக் கோப்பில் உங்கள் படங்கள் இருக்காது. எந்தக் கட்டத்தில் எந்தப் படம், கேமரா எங்கே என்ற அமைப்பு மட்டுமே அதில் இருக்கும். படங்கள் லெவல் கோப்புகளாகத் தனியே கிடக்கும்: வெக்டருக்கு பிஎல்ஐ, புள்ளிகளால் (பிக்சல்களால்) ஆன டூன்ஸ் ராஸ்டருக்கு டிஎல்வி, அதன் வண்ணங்களுக்கு டிபிஎல். காட்சியை மட்டும் சேமித்துவிட்டு, லெவலைச் சேமிக்கவா என்று கேட்கும்போது அவசரத்தில் மறுத்தால் அன்றைய வேலை போச்சு. எப்போதும் 'சேவ் ஆல்' கட்டளையையே பயன்படுத்துங்கள், தானியங்கிச் சேமிப்பு இயங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். நண்பருக்கு அனுப்பும்போதும் இதே எச்சரிக்கை. டிஎன்இசட் கோப்பை மட்டும் அனுப்பினால் அவர் திரையில் கட்டங்கள் சிவப்பாக நிற்கும், படம் இருக்காது. புராஜெக்ட் கோப்புறையை முழுதாகச் சுருக்கி அனுப்ப வேண்டும்.

விண்டோஸில் பேனா அழுத்தம் வேலை செய்யவில்லை, கோடு தாமதமாக விழுகிறது என்றால், டேப்லெட்டின் டிரைவர் அமைப்பிலும் ஓபன்டூன்ஸின் அமைப்பிலும் விண்டோஸ் இங்க் (விண்டோஸின் சொந்தப் பேனா வசதி) ஒரே நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இயக்கியோ இரண்டிலும் அணைத்தோ வைத்து, மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வண்ணம் தீட்டும் பகுதியில்தான் இந்த மென்பொருள் தன் வம்சத்தைக் காட்டுகிறது. டூன்ஸ் ராஸ்டர் லெவலில் ஒவ்வொரு பிக்சலும் நிறத்தை நேராக வைத்திருப்பதில்லை. பேலட் எனும் வண்ணத் தட்டில் எத்தனையாவது நிறம் என்ற எண்ணை வைத்திருக்கிறது. கோட்டுக்கு ஒரு எண், உள்ளே தீட்டியதற்கு ஒரு எண். முந்நூறு படங்களில் சிவப்புச் சட்டை தீட்டிய பிறகு அது நீலமாக வேண்டுமென்றால், பேலட்டில் ஒரே நிறத்தை மாற்றினால் முந்நூறும் மாறிவிடும். பகல் காட்சியை இரவாக்க இன்னொரு பேலட் போதும். கோடும் வண்ணமும் தனித்தனியாக இருப்பதால் கறுப்புக் கோட்டை மட்டும் அடர் பழுப்பாக்குவதும் எளிது. செல்லுலாய்டு தாளில் கோட்டை முன்பக்கமும் வண்ணத்தைப் பின்பக்கமும் வைத்த பழைய முறையின் தொடர்ச்சி இது. சாதாரண ராஸ்டர் லெவலில் இந்த வசதி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

வண்ணம் ஊற்றும்போது நிறம் நிரம்பாமல் அடம்பிடிக்கிறதா? கோட்டில் எங்கோ ஓர் இடைவெளி இருக்கிறது. வெக்டர் லெவலில் டேப் கருவியால் இரு முனைகளையும் ஒட்டலாம். டூன்ஸ் ராஸ்டரில் ஆட்டோகுளோஸ் சின்னச் சின்ன இடைவெளிகளைத் தானே அடைக்கும். கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளை ஓரம் தெரிந்தால் ஃபில் டெப்த் அளவைக் கூட்டுங்கள். கோட்டின் மங்கலான விளிம்புக்குள்ளும் நிறம் புகுந்துவிடும்.

எந்த லெவலில் வரைவது என்று கேட்பவர்களுக்கு: சுத்தமான ஒரே தடிமன் கோடு, பின்னால் வளைத்துத் திருத்தும் வசதி வேண்டுமென்றால் வெக்டர். பென்சில், தூரிகை போன்ற சொரசொரப்பு வேண்டுமென்றால் டூன்ஸ் ராஸ்டர். இத்தகைய சொரசொரப்பைத் தரும் மைபெயின்ட் தூரிகைகள் வெக்டரில் வராது.

காகிதத்தில் வரைய விரும்புபவர்களை இது கைவிடவில்லை. தாளில் பெக் துளை (தாளை அசையாமல் மாட்டும் துளை) போட்டு, 200 முதல் 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து கொண்டுவந்தால், கிளீனப் (கோட்டைச் சுத்தம் செய்யும்) பகுதி துளைகளின் இடத்தைப் பார்த்துத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் தரும். ஸ்கேனில் துளைகள் முழுதாக விழ வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் பொருத்தம் தவறிப் படம் நடுங்கும். நிழலின் எல்லையைச் சிவப்பு, நீலப் பென்சிலால் கோடிட்டு, வண்ணத்தோடு ஸ்கேன் செய்தால் அந்தக் கோடுகளைத் தனி நிறங்களாகப் பிரித்துத் தரவும் தெரியும்.

உதட்டசைவுக்கு வருவோம். பத்து வாய் வடிவங்களை வரைந்து கொடுத்தால், ஒலிக்கேற்ப அடுக்கித் தரும் வசதி இருக்கிறது. ஒலியை ஆராய ரூபார்ப் என்ற தனிக் கருவி பின்னால் உதவுகிறது. அதன் இயல்பான முறை ஆங்கிலப் பேச்சை அடையாளம் காண்பது; தமிழ் வசனத்துக்கு, சொல்லை விட்டு ஒலிகளை மட்டும் பார்க்கும் ரூபார்ப்பின் 'ஃபொனெடிக்' முறையே பொருந்தும். அதன் பிறகும் ப, ம வரும் இடங்களில் உதடு மூடுகிறதா, வ வரும்போது கீழுதடு மேல்பல்லைத் தொடுகிறதா என்று கையால் சரிபாருங்கள். பார்ப்பவர் கண் முதலில் பிடிப்பது மூட வேண்டிய வாய் திறந்திருப்பதைத்தான். 'அம்மா' என்ற சொல்லில் வாய் மூடிய படம் குறைந்தது இரண்டு ஃபிரேம் நிற்க வேண்டும்; ஒன்று போதாது. தமிழ்த் தலைப்பு எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, பின்னணியில்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவருவது நல்லது. கொம்பும் துணைக்காலும் சரியான இடத்தில் உட்காரும்.

கடைசியில் எம்பி4 ஆக வெளியே எடுக்கும்போது அந்தத் தேர்வே காணவில்லை என்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி நிறுவப்படவில்லை அல்லது அதன் பாதை அமைப்புகளில் கொடுக்கப்படவில்லை. நீளமான காட்சியை நேராக எம்பி4 ஆக்குவதைவிட பிஎன்ஜி தொடராக எடுப்பது மேல். நடுவில் மென்பொருள் நின்றுபோனாலும் அதுவரை வந்த ஃபிரேம்கள் கையில் இருக்கும்.

எலும்புக்கூடு, வலைப்பின்னல் வைத்து ஒரே படத்தை வளைக்கும் கருவிகளும் இதில் உள்ளன. வேலை செய்கின்றன, ஆனால் அதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. ஒளி, மூட்டம் போன்ற எஃபெக்டுகளும் ஏராளம். முதல் படத்துக்கு அவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

இடைமுகம் கரடுமுரடானது என்பதை மறுக்க முடியாது. அது தாங்காது என்பவர்கள் இதிலிருந்தே கிளைத்த டஹோமா2டியை எடுத்துக்கொள்ளலாம். எஃப்எஃப்எம்பெக்கும் ரூபார்ப்பும் அதனுடனேயே வருவதால் நிறுவும் தொல்லை குறைவு. மேலே சொன்ன பயிற்சிகளும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஓவியம்போல் தீட்டிய குறும்படம், அதுவும் சில வினாடிகள் என்றால் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் இனிமையானது. ஆனால் படங்கள் கூடக்கூட அது நினைவகத்தை விழுங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பென்சில்2டி என்ற எளிய மென்பொருள் போதும். அரை நிமிடத்துக்கு மேல், பல பாத்திரங்கள், பலர் சேர்ந்து வரைவது என்று திட்டமிருந்தால் ஓபன்டூன்ஸையே நிறுவுங்கள். முதல் வாரம் பந்தை மட்டும் விழ வையுங்கள், அடுத்து மாவு மூட்டை ஒன்றைக் குதிக்க வையுங்கள். கதாபாத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.