பழைய 30 அங்குல மானிட்டருக்கு ஆக்டிவ் டிவிஐ அடாப்டர் வாங்கலாமா?

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது என் தொழில். அதற்கு டெல் 3007 மானிட்டரைப் போல எனக்கு ஒத்துவந்தது வேறொன்றும் இல்லை. 30 அங்குலம், 2560×1600. இரண்டு பக்க ஷீட்டை முழுசாக விரித்துப் போட்டு, ஓரத்தில் லேயர்களையும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டை மாற்றியதும்தான் சிக்கல் வந்தது. புது கார்டில் வயர் சொருக இருப்பது டிஸ்ப்ளேபோர்ட்டும் ஹெச்டிஎம்ஐயும். மானிட்டரில் இருப்பதோ பழைய வகையான டிவிஐ போர்ட் ஒன்றே ஒன்று. “இதுவே போதும் சார்” என்று கடைத் தம்பி முதலில் ஒரு சின்ன அடாப்டரைக் கொடுத்தார். மாட்டினால் படம் வந்தது, ஆனால் 1280×800இல். எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டும் அதற்கு மேல் ஏறவில்லை.

கோளாறு கார்டிலும் இல்லை, மானிட்டரிலும் இல்லை. டிவிஐயில் ஒரு லிங்க், அதாவது படத் தகவல் போகும் ஒரு பாதை, தாங்குவது 165 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 1920×1200க்கு அது போதும். 2560×1600ஐ 60 ஹெர்ட்ஸில் காட்ட ஏறக்குறைய 268 வேண்டும், அதனால் இரண்டு லிங்க் தேவை. சின்ன அடாப்டர் எதையும் மாற்றித் தருவதில்லை. கார்டே டிஸ்ப்ளேபோர்ட் வழியாக டிவிஐ சிக்னலை அனுப்ப, அது கடத்திவிடுகிறது, அவ்வளவுதான். டிஸ்ப்ளேபோர்ட்டில் படத்தைக் கடத்த இருப்பது நான்கு ஜோடிக் கம்பிகள். மூன்று நிறத்துக்கும் அவற்றின் நேரத்தை ஒத்துவைக்கும் ஒரு கிளாக் சிக்னலுக்கும் அவை சரியாகப் போய்விடும். இரண்டாவது லிங்குக்கு இடமே இல்லை. ஆனால் அடாப்டரின் டிவிஐ வாயில் 24 துளைகளும் இருக்கும். அதைப் பார்த்து டூயல் லிங்க் என்று நம்பிவிடக் கூடாது. ஹெச்டிஎம்ஐ-டிவிஐ வயரும் இதே கதைதான்.

அப்புறம் வாங்கியதுதான் இந்த ஆக்டிவ் அடாப்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் வயர், இன்னொரு பக்கம் டிவிஐ, கூடவே வால் மாதிரி ஒரு யூஎஸ்பி வயர். உள்ளே இருக்கும் சிப் சிக்னலையே மாற்றிக் கொடுக்கிறது. அதற்கு மின்சாரம் யூஎஸ்பியிலிருந்து வருகிறது. மாட்டியதும் 2560×1600 வந்துவிட்டது. முகூர்த்தப் புடவையின் ஜரிகை இழை பழையபடி தனித்தனியாகத் தெரிந்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆரம்பத்தில் ஒரு தொந்தரவு இருந்தது. திரையில் கறுப்பு இடங்களில் பச்சைப் புள்ளிகள் மினுங்கும், நடுநடுவே ஒரு நொடி படம் போய் வரும். யூஎஸ்பியைக் கேபினெட்டின் முன்பக்கத்தில் சொருகியிருந்தேன். அதைப் பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டுக்கு மாற்றி, நீளமான டிவிஐ வயருக்குப் பதில் மானிட்டரோடு வந்த வயரையே போட்டதும் புள்ளிகள் நின்றன. கம்ப்யூட்டர் ஸ்லீப்பிலிருந்து எழும்போது மட்டும் இன்னமும் சில நாள் திரை இருட்டாகவே நிற்கிறது. யூஎஸ்பி, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டையும் உருவிவிட்டு, யூஎஸ்பியை முதலில் சொருகினால் வந்துவிடும். வேலை நேரத்தில் இது எரிச்சல்தான். அதனால் ஸ்லீப்பையே அணைத்து வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரை என் கம்ப்யூட்டரில் தெரிவதில்லை. இந்த மானிட்டருக்குள் ஸ்கேலர், அதாவது படத்தின் அளவை மாற்றும் சிப், கிடையாது. படத்தை அதன் அளவுக்குப் பொருத்தி அனுப்புவது கார்டின் வேலை. விண்டோஸ் ஏறும்வரை இருட்டு. பயாஸில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஒரு சின்ன மானிட்டரை ஹெச்டிஎம்ஐயில் மாட்டிக்கொள்கிறேன்.

சின்ன அடாப்டரோடு பார்த்தால் விலை பல மடங்கு. ஆனாலும் நல்ல மானிட்டரைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. 2560×1600, 2560×1440 மானிட்டரில் டிவிஐ மட்டும் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். உங்களுடையது 1920×1200 அல்லது அதற்குக் கீழே என்றால் இந்தச் செலவு வேண்டாம், சின்னதே போதும். வாங்கும்போது பெட்டியில் ‘ஆக்டிவ்’, ‘டூயல் லிங்க்’ இரண்டு வார்த்தையும் இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி வால் இல்லையென்றால் கடைக்காரரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். முடிந்தால் முழு ரெசல்யூஷன் வராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.