பச்சை இலை போட்ட வண்டியில் பழைய லேப்டாப்பைக் கொடுக்காதீங்க

பெங்களூரில் ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, பானசவாடி பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் கவனத்துக்கு. "இ-வேஸ்ட் எடுக்கிறோம், சர்டிபிகேட் தர்றோம்" என்று பச்சை இலை படம் போட்ட டாடா ஏஸ் வண்டியில் ஒரு கும்பல் அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகச் சுற்றுகிறது. எங்கள் பில்டிங்கில் பாதிப் பேர் ஏமாந்திருக்கிறோம்.

வந்தவன் கீழ்வீட்டில் கன்னடம் பேசினான். எங்கள் வாசல் கோலத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டான். "நானும் கிருஷ்ணகிரிதான்க்கா. குஜரிக்காரன்கிட்ட போட்டீங்கன்னா போர்டை ஆசிட்ல முக்கி தங்கம் எடுத்துட்டு, மிச்சத்தை ஏரியில கொட்டிடுவான். நாங்க ரூல்படி பண்றவங்க." குஜரி என்றால் இங்கே பழைய சாமான் கடை. இதில் வேடிக்கை என்னவென்றால், குஜரியைப் பற்றி அவன் சொன்னது பொய்யில்லை. போர்டை அமிலத்தில் ஊறவைப்பது, வயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது எல்லாம் நடக்கிறதுதான். அந்தப் பயத்தைக் காட்டியே கிலோவுக்கு 30 ரூபாய் 'பாதுகாப்புக் கட்டணம்' என்று எங்களிடம் கறந்தான்.

யுபிஎஸ் பேட்டரிக்கும் அதே ரேட். பெங்களூரில் கரண்ட் போகிற லட்சணத்துக்கு வீட்டுக்கு ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். செத்துப்போன பேட்டரிக்கும் காசு உண்டு. புதுசு வாங்கும்போது கடைக்காரரே பழசுக்கு விலை கழிப்பார். மேல்வீட்டு மாமா 150 ஏஎச் பேட்டரியையும் கொடுத்து, அதற்குக் காசும் கொடுத்தார். அது 50 கிலோ பக்கம் வரும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி குஜரிக்காரராவது நம் கையில் நாலு காசு வைத்திருப்பார்.

அப்புறம் மெயிலில் சர்டிபிகேட் வந்தது. சீல், கையெழுத்து, பதிவு எண், 'ஹார்ட் டிஸ்க் முழுமையாக அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி. எல்லோரும் குரூப்பில் கைதட்டி எமோஜி போட்டோம்.

கொஞ்ச நாளில் எஸ்.பி. ரோட்டிலிருந்து ஒரு போன். செகண்ட் ஹேண்ட் பாகங்கள் விற்கிற கடைப் பையன், தமிழ்ப் பையன்தான். "மேடம், ஒரு டிஸ்க் வந்திருக்கு. பெரியவரோட பென்ஷன் பேப்பர், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் எல்லாம் இருக்கு. உள்ள ஒரு ஃபைல்ல உங்க நம்பர் இருந்துச்சு. மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்." அப்பாவின் லேப்டாப். ஃபார்மட் பண்ணித்தான் கொடுத்திருந்தோம். சட்டென்று முடிகிற 'குவிக் ஃபார்மட்' என்பது புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற மாதிரி, பக்கங்கள் அப்படியே இருக்கும். இலவச மென்பொருளை வைத்தே அந்தப் பையன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். மொத்தமாக வாங்கிய லாட்டில் இது வந்ததாம். எங்கள் டிஸ்க்கை நாங்களே விலை கொடுத்து வாங்கி வந்தோம். அவன் நல்லவனாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகுதான் சர்டிபிகேட்டைத் துருவினோம். பதிவு எண் நிஜம், ஆனால் அது வேறொரு நிறுவனத்துடையது. கூப்பிட்டால், "நாங்க வீட்டுக்கு வீடு எடுக்கிறதே இல்லீங்க, கம்பெனிகள்கிட்ட மட்டும்தான்" என்கிறார்கள். நம்ம கிருஷ்ணகிரிக்காரன் ஒரு தடவை "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்றான். அதோடு ஸ்விட்ச் ஆஃப்.

அவன் காட்டிய இன்னொரு காகிதத்தில் 'சேகரிப்பு மையம், 2016 விதிகள்' என்று இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது 2022 மின்னணுக் கழிவு விதிகள். அதில் தயாரிப்பாளர், உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என்று நாலு வகைக்குத்தான் பதிவு. சேகரிப்பு மையம் என்று ஒரு வகையே கிடையாது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் யார் யார் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இ-வேஸ்ட் தளத்தில் இருக்கிறது. பேர் மட்டும் பார்த்தால் போதாது. முகவரி பொருந்துகிறதா பாருங்கள், அந்த நிறுவனத்தின் நம்பரை நீங்களே தேடிப் போன் போட்டு "இந்த ஆள் உங்க ஆளா" என்று கேளுங்கள். வந்தவன் கொடுக்கிற நம்பருக்குப் போட்டால் அவன் மச்சான்தான் எடுப்பான்.

இன்னொரு விஷயம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு வருமானம் செம்பு, அலுமினியம், தங்கத்திலிருந்து வருகிறது. பொருளைத் தயாரித்து விற்ற கம்பெனிகள், அதன் கழிவுக்கும் தாங்களே பொறுப்பு என்பதால் வாங்க வேண்டிய ஈ.பி.ஆர். சான்றிதழிலிருந்தும் வருகிறது. லேப்டாப்புக்கும் பேட்டரிக்கும் நம்மிடம் காசு கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பழைய டப்பா டிவி மட்டும் வேறு கதை. அதன் குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் யாருக்கும் வேண்டாத சரக்கு அது; பின்னால் இருக்கிற செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியைக் காலி சைட்டில் போட்டுவிடுவார்கள். அதற்கு நியாயமான இடத்திலும் கட்டணம் கேட்கலாம்.

யாரிடம் கொடுத்தாலும் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பெரும்பாலான பழைய லேப்டாப்பில் நாலைந்து ஸ்க்ரூதான்.

அந்த வண்டியில் ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இன்றைக்கே ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் நகர்ந்திருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அடியுங்கள். எங்கள் அசோசியேஷன் சார்பில் சர்ச் ஸ்ட்ரீட் பரிசர பவனில் (கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம்) மனு கொடுக்கிறோம். உங்களிடமும் அதே பதிவு எண் போட்ட சர்டிபிகேட் இருந்தால் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், சேர்த்து இணைத்துவிடுகிறேன்.