பதிப்பு எண்ணா, கொமிட் அடையாளமா: வெளியீட்டுக்கு எந்த டேக்?

ஹட்டனிலிருந்து நாங்கள் பராமரிக்கும் கொழுந்து நிறுவை மென்பொருள் மூன்று தேயிலைத் தோட்டங்களின் தொழிற்சாலை சேவர்களில் ஓடுகிறது. அதன் கொண்டெய்னர் இமேஜ்களுக்கு (மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதிகளுக்கு) டேக், அதாவது பெயர்ச்சீட்டு, இடும் முறையை அண்மையில் மாற்றினோம்.

'லேட்டஸ்ட்' வெளியீட்டுக்கு ஆகாது. அது புதிய இமேஜைத் தானாகச் சுட்டுவதில்லை. நாம் டேக் குறிப்பிடாதபோது, இமேஜ்களைக் கட்டும் கருவியான டொக்கர் இட்டுக்கொள்ளும் பெயர் மட்டுமே.

பதிப்பு எண் மனிதர்களுக்கு ஏற்றது. 1.4.2 என்றால் தொலைபேசியிலேயே கணக்கப்பிள்ளைக்கு விளங்கும். ஆனால் இமேஜ்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தடை வைக்காவிட்டால், அதே எண்ணை நாளை வேறொரு இமேஜின் மீது ஒட்டிவிடலாம். நாங்கள் அதைத்தான் செய்தோம். சாக்கு எடைக் கழிவு இருமுறை போகும் பிழையைத் திருத்தி, 1.4.2 என்ற பெயரிலேயே மறுபடி ஏற்றினோம். டேக் 'லேட்டஸ்ட்' அல்லாதபோது, அந்தப் பெயரில் ஏற்கெனவே இறக்கிய இமேஜ் இருந்தால், சேவர்களில் கொண்டெய்னர்களை ஓட்டும் குபர்நெட்டீஸ் இயல்பாக மீண்டும் இறக்காது. ஆகவே ஒரு சேவரில் பழைய இமேஜே ஓடிக்கொண்டிருந்தது. மாத முடிவில் ஓர் அம்மா மடுவத்துத் துண்டைக் (கொழுந்து நிறுக்கும் இடத்தில் கொடுக்கும் சீட்டைக்) கொண்டுவந்து காட்டினார். துண்டில் 18 கிலோ, செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் 17 கிலோ, அதனால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. மூன்று சேவர்களின் பதிவேடுகளும் 1.4.2 என்றே சொன்னதால், தவறு எங்களுடையது என்று நிறுவ எங்களுக்கே இரண்டு நாட்கள் பிடித்தன. ஒருவருடைய கூலியைத் தீர்மானித்த நிரல் எது என்று உடனே காட்ட முடிய வேண்டும். என் தெரிவை முடிவு செய்தது இதுவே.

கொமிட் அடையாளம், அதாவது நிரலில் சேமித்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிடைக்கும் குறியீடு, உதாரணமாக 3f9c2ab, இமேஜை அதன் மூல நிரலோடு கட்டிவைக்கிறது. எது முந்தியது, எது பிந்தியது என்பது மட்டும் அதைப் பார்த்தால் தெரியாது. ஆகவே 1.4.3-3f9c2ab என்று இரண்டையும் சேர்த்து இடுகிறோம். கூட்டல் குறியை டேக் ஏற்காது என்பதால் இடைக்கோடு. பதிப்பு எண்களுக்கான செம்வர் விதிப்படி இடைக்கோடு முன்னோட்ட வெளியீட்டைக் குறிப்பதால், பதிப்புகளை வரிசைப்படுத்தும் கருவிகள் இதை 1.4.3 இற்குக் கீழே வைக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதே கொமிட்டிலிருந்து இமேஜை மீண்டும் கட்டும்போது, அது எதன்மீது கட்டப்படுகிறதோ அந்த அடிப்படை இமேஜ் மாறியிருந்தால் விளைவும் மாறும். அதனால் ரெஜிஸ்ட்ரியில் டேக்குகளை மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறோம். நிறுவல் கோப்பில் டேக்குக்குப் பதிலாக டைஜஸ்டையே எழுதுகிறோம். உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அந்த 64 இலக்க எஸ்.எச்.ஏ-256 மதிப்பு, உள்ளே ஒரு பைட் மாறினாலும் வேறாகிவிடும்.

இதற்குப் பராமரிப்புச் செலவு உண்டு. இமேஜைக் கட்டும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு டேக் என்பதால் ரெஜிஸ்ட்ரி விரைவில் நிரம்புகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இமேஜ் அழிந்துவிடாதபடி துப்புரவு விதியைக் கவனமாக எழுத வேண்டும். மூன்று சேவர்களுக்கு இது சுமையாக இல்லை. முந்நூறுக்கும் இப்படியே இருக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

இப்போது செக்ரோல் தாளின் அடியில் டைஜஸ்டின் முதல் 12 எழுத்துகளும் அச்சாகின்றன.