ஆங்-கோலாவா, சிருபாதேயா? வெட்டிப் பார்த்து எழுதியது

காத்மாண்டு தமேல் கடைவீதியில் குக்குரி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். நம்மூரில் குக்ரி என்று சொல்லிப் பழகிய அந்த வளைந்த கத்தி அங்கே சுவர் முழுக்கத் தொங்கும். இருப்பதிலேயே கனமானதைக் கையில் எடுத்து, முதுகுத் தடிமனைத் தடவிப் பார்த்து, 'இதுதான் உழைக்கும்' என்று முடிவு கட்டிவிடுவது. நானும் அப்படித்தான் வாங்கினேன்: 10 அங்குல அலகு, 10 மில்லிமீட்டர் முதுகு, 800 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆங்-கோலா வகை. அடுத்த வருடம் கிழக்கு நேபாளத்தின் தரானுக்கு ஒரு வேலையாகப் போனபோது, அங்கே ஓர் ஆரனில் (கொல்லுப்பட்டறையை அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒல்லியான சிருபாதே ஒன்று வாங்கினேன். 11 அங்குலம், அரைக் கிலோ. இரண்டையும் தடியன், ஒல்லி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது.

ஒரு விஷயத்தில் இரண்டும் சமம். இரண்டுமே பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கும் அதே பட்டைதான் என்பதால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆச்சரியம் தோய்ச்சலில், அதாவது காய்ந்த இரும்பைத் தண்ணீரால் கடினமாக்குவதில் இருக்கிறது. காமி என்கிற கொல்லர், காய்ந்து சிவந்த அலகை முழுதாகத் தண்ணீரில் முக்குவதில்லை. டீக்கெட்டிலில் தண்ணீரை எடுத்து வாய்ப்பக்கம் மட்டும், அதிலும் அலகு அகன்று வளையும் வயிற்றுப் பகுதியில் அதிகமாகப் படும்படி, மெல்ல ஊற்றுகிறார். அதனால் ஒரே அலகில் மூன்று குணம் வந்துவிடுகிறது. வயிறு கடினம், நுனியும் பிடியை ஒட்டிய பகுதியும் நடுத்தரம், முதுகு மிருது. நல்ல குக்குரிக்கு வயிற்றில் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 55 முதல் 58 வரை இருக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். முதுகு அதில் பாதிகூட இராது. வாய் கூர்மையைப் பிடித்து வைக்கும், முதுகு அதிர்ச்சியைத் தாங்கும். கீழே தீட்டுவதைப் பற்றிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

சரி, வெட்டுக்கு வருவோம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் தெற்கு ஓரத்தில் நான் இருந்த வாடகை வீட்டில் மூன்று வேலை இருந்தது: பின்னால் இருந்த மூங்கிலை அடக்குவது, குளிர்காலத்துக்கு உத்தீஸ் மர விறகு நறுக்குவது, தசைன் பண்டிகைச் சமயத்தில் ஆட்டுக்கறி வெட்டுவது.

மூங்கிலில் ஒல்லிக்குப் போட்டியே இல்லை. சாய்வாக ஒரே வீச்சில் கட்டைவிரல் பருமன் கழி சீவினாற்போல் போய்விடும். தடியன் அதே கழியை வெட்டுவதற்குள் நசுக்கிப் பிளந்துவிடும். கனம் கூடினால் வெட்டு ஆழமாக விழும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஆழத்தைத் தீர்மானிப்பது வேகமும் வாயின் மெலிவும்தான். ஒல்லியைச் சுழற்றுகிற வேகத்தில் தடியனைச் சுழற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் என் கைக்குத் தெம்பு இல்லை. இரண்டிலும் அலகு முன்னால் வளைந்திருப்பதால் வாய் மரத்தில் சாய்வாக இறங்குகிறது. அதனால் அடிக்கும்போதே அறுக்கவும் செய்கிறது. அந்த அனுகூலத்தை முழுதாகப் பயன்படுத்துவது மெல்லிய அலகுதான்.

உத்தீஸ் மிருதுவான மரம். மணிக்கட்டுப் பருமன் பச்சைக் கிளையில் இரண்டும் இரண்டு மூன்று வெட்டில் முடித்தன. காய்ந்த கட்டையைப் பிளப்பதில் நிலைமை தலைகீழ். ஒல்லி போய்ச் சிக்கிக்கொள்ளும், தடியன் ஆப்பு மாதிரி இறங்கிப் பிளக்கும். கோலா என்றால் நேபாளியில் ஓடை. அலகின் பக்கத்தில் ஓடும் அந்தக் குழிவு கனத்தைக் குறைக்கிறது, மரம் அலகை முழுதாகக் கவ்விப் பிடிக்காமலும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் தொடைப் பருமன் கட்டை வந்தபோது வீட்டுக்காரரின் அம்மா என் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் பஞ்சரோவை எடுத்து வந்து வைத்தார். பஞ்சரோ என்றால் கோடாரி. "தம்பி, இதுக்குத்தான் இது இருக்கு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தடியனின் உண்மையான போட்டியாளர் ஒல்லி இல்லை, கோடாரிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தப் போட்டியில் தடியன் தோற்றுப்போகிறது.

கறி வெட்டுவது அசானோ என்கிற மரக்கட்டை மேல். எலும்புக்குத் தடியன் நிம்மதி. ஒல்லியின் வயிற்றில் ஒருமுறை சின்னதாகப் பல் விழுந்தது, தப்பு என்னுடையது. மூட்டில் சிக்கிய அலகை நேராக உருவாமல் பக்கவாட்டில் திருகினேன். கடினமான வாய் நேரான வெட்டைத் தாங்கும், திருகலைத் தாங்காது. காய்கறிக்கு இரண்டுமே வேண்டாம். அதற்கு நேபாள வீடுகளில் சுலேசி இருக்கிறது, நம் அரிவாள்மணைக்கு உறவுக்காரி.

பிடிக்கும் முறையும் இதில் சேர்த்திதான். முஷ்டியை இறுக்கிப் பிடித்து அடித்தால் எந்தக் குக்குரியும் கையைக் காய்க்க வைக்கும். தளர்வாகப் பிடித்து, வீச்சின் கடைசியில் மட்டும் மணிக்கட்டைச் சொடுக்க வேண்டும். படவேண்டியது வயிறு, நுனி இல்லை. அலகு தவறினால் எங்கே போய் நிற்கும் என்று முதலிலேயே பார்த்து, அங்கே முழங்கால் இல்லாதபடி நிற்கவேண்டும். உறையிலிருந்து உருவும்போது விரல்களால் உறையைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. வாய்ப்பக்கம் உறை பிளந்தால் விரல்தான் முதலில் அகப்படும். முதுகுப் பக்கமாக மட்டும் உறையைப் பிடித்து, அலகின் முதுகு உறையோடு உரசி வரும்படி உருவ வேண்டும்.

தீட்டுவதில் எனக்கு நான்கு வழி தெரியும். ஒன்றைத் தவிர மற்றவை சரியான இடத்தில் சரியானவை.

அந்த ஒன்று மின்சாரச் சாணை. தடியனின் மழுங்கிய வாயைச் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று தெருவோரச் சாணைக்காரரிடம் கொடுத்தேன். பொறி பறக்கப் பறக்க நான் ரசித்துக்கொண்டிருந்தேன், அதுதான் கொடுமை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நுனிப் பக்கம் விரலகலத்துக்கு நீலம் பூத்திருந்தது. நீலம் என்றால் அந்த இடத்தில் சூடு ஏறி, கெட்டிலில் ஊற்றிய தண்ணீர் கொடுத்த கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த இடம் ஒவ்வொரு தடவையும் மடங்கியது. இரண்டு மில்லிமீட்டரைக் கையால் தேய்த்து எடுத்த பிறகுதான் ஒழுங்குக்கு வந்தது.

அரம் வேகமானது. கூடவே ஒரு சோதனைக் கருவியும்கூட. பிடியை ஒட்டிய பகுதியில் அரம் கவ்வி இரும்பைத் தின்னும், வயிற்றுக்கு வரும்போது வழுக்க ஆரம்பிக்கும். அந்த வழுக்கல் தொடங்கும் இடத்திலிருந்து நல்ல தோய்ச்சல் என்று தெரிந்துகொள்ளலாம். வயிற்றிலும் அரம் சுகமாகக் கவ்வினால் அது சுவரில் மாட்டுவதற்கான குக்குரி. தமேலில் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன, கண்ணாடி போலப் பளபளக்கும்.

தட்டையான கல்லில் ஒரு சங்கடம். குக்குரியின் வாய் நேர்கோடு இல்லை, பிடிக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ளே குழிந்து போகிறது. தட்டைக் கல் அந்தக் குழிவுக்குள் இறங்காது, அதன் விளிம்பு பட்டுப் பட்டு வாய் அலையலையாகிவிடும். கிராமத்தில் ஆற்றுக்கல்லில் தீட்டுகிறவர்கள் பல வருடம் தேய்ந்து முதுகு உருண்ட கல்லை வைத்திருக்கிறார்கள், அது வேறு விஷயம். புதுக்கல் வாங்குவதானால் ஓரம் உருண்ட படகுக் கல்லாக வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது உப்புத்தாள். பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டி, அதன்மேல் 400 எண் தாளைச் சுற்றி, அலகை முதுகு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். வாயைத் தாளுக்குள் செலுத்தினால் தாள் கிழியும். ரப்பர் கொஞ்சம் அமுங்குவதால் வாய் நெல்மணியின் பக்கம் போல லேசாக உப்பிய வடிவத்தில் வரும். கொல்லர் கொடுத்த வடிவமும் அதுதான். அப்புறம் 800, கடைசியில் 2000, முடிவில் தோல்பட்டையில் நாலு இழுப்பு. உள்குழிவுக்கு அதே தாளைத் துடைப்பக் கட்டையில் சுற்றிக்கொள்ளலாம். ஒல்லிக்கு இந்த வேலை 20 நிமிடம். தடியனுக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. அலகு தடிமனாக இருந்தால் வாய்க்குப் பின்னாலிருக்கும் தோளையும் மெலிய வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சவரம் செய்யும் கூர்மை இருந்தும் மரத்தில் இறங்காது.

உறையோடு வரும் இரண்டு குட்டிகளில் கர்தா சின்னக் கத்தி. மற்றது சக்மக், கூர் இல்லாத இரும்பு. சக்மக் தீட்டாது. லேசாக மடங்கிய வாயை நிமிர்த்தும், அவ்வளவுதான். ஆனால் வெட்டுக்கு நடுவே அதைப் பத்துத் தடவை ஓட்டினால் உப்புத்தாள் வேலை ஒரு மாதம் தள்ளிப்போகும்.

இனி நம் கைக்கேற்ப மாற்றுவது. முதல் கேள்வி காம்பு, அதாவது அலகிலிருந்து பிடிக்குள் போகும் பகுதி. தடியன் பனாவால் வகை: காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் போய் இருபக்கமும் கட்டையை ஆணி அறைந்தது. ஒல்லியில் எலிவால் போல மெலிந்த காம்பு, லாஹா என்கிற அரக்கு ஊற்றிச் செருகியது. முழுக்காம்புதான் பலம் என்று எல்லோரும் சொல்வார்கள். உடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு அடியின் அதிர்வையும் அது நேராக உள்ளங்கைக்குக் கொண்டுவருகிறது, பிடிப்பக்கம் கனமும் கூட்டுகிறது. எலிவால் காம்பு கைக்கு இதம். அதன் குறை அரக்கு: வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் இளகி, பிடி ஆட ஆரம்பிக்கும். என்னுடையது ஆடியபோது காம்பைச் சூடாக்கிப் பிடியைக் கழற்றி, பழைய அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி பசை ஊற்றினேன். காம்பைச் சுடவைக்கும்போது அலகை ஈரத்துணியால் சுற்றியிருந்தேன், நீலம் கற்றுக்கொடுத்த பாடம்.

பிடிக்கு எருமைக்கொம்பா, மரமா? கொம்பு அழகு. ஆனால் வறண்ட காற்றில் சுருங்கிப் பூணை விட்டு விலகும், வெடிக்கும், பூச்சியும் அரிக்கும். அடிக்கடி எண்ணெய் தடவ வேண்டும். நனைந்தால் வழுக்கும். நான் மரத்தின் பக்கம்: சிசௌ, கிடைத்தால் சதிசால் என்கிற ஈட்டி. என் இரண்டு குக்குரியிலுமே பிடியின் நடுவே ஒரு வளையம் எழும்பி நிற்கும். விரல்களுக்கு நடுவே உட்கார அது ஏற்பாடு. என் விரல் பருமனுக்கு அது கொப்புளம் உண்டாக்கும் ஏற்பாடாக இருந்ததால் ஒல்லியில் அதைப் பாதிக்குமேல் சீவிவிட்டேன், பளபளப்பு வார்னிஷையும் சுரண்டி ஆளி எண்ணெய் ஏற்றினேன். நான் செய்த மாற்றங்களிலேயே அதிகப் பலன் தந்தது காசு செலவில்லாத இதுதான்.

ஒரே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒல்லியை வாங்குங்கள், கூடவே ஒரு கோடாரியும். தடியனுக்கும் ஒல்லிக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு போஜ்புரே வகைக் குக்குரி இருக்கிறது. வயிறு அகலமானது. முதுகு 8 மில்லிமீட்டருக்குள் இருந்தால் எடுக்கலாம், அதற்குமேல் என்றால் அதுவும் இன்னொரு தடியன். என் தடியன் இப்போது விறகுக் கொட்டகையில் தொங்குகிறது. சுள்ளி பிளக்கும்போது கட்டைமேல் வைத்து, முதுகில் மரச்சுத்தியால் தட்டுகிறேன். 10 மில்லிமீட்டர் முதுகு அதற்கு வசதியாகத்தான் இருக்கிறது.